திருகோணமலையில் துறைமுகமும் அடுக்களையும்

வரலாறென்பது மன்னர்தம் வெற்றி தோல்விகளை நிரல்படக் கூறுவதோடு அமைவதொன்றன்று. ஒரு நாட்டு மக்கள் எந்நீரைப் பருகினர், எதனை எரித்து உணவு சமைத்தனர், எஞ்சியதை என் செய்தனர், பழுதுற்ற பொருளை எங்கே இட்டனர் என்பனவும் வரலாற்றின் பாற்பட்டனவே. கோட்டைகளைப் பற்றிய குறிப்புகள் சுவடிச்சாலைகளிற் பேணப்பட்டுள்ளன. அடுப்பைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் எழுதிவைத்தவர் சிலரே. ஆயினும், இயற்கை வளத்தைப் பின்வருந் தலைமுறைக்கும் எஞ்சவைத்து நுகரும் வாழ்வு யாது என்று உலகம் இன்று வினவுமிடத்து, விடைக்குரிய சான்றுகள் பெரும்பாலும் அடுப்படியிலும் கிணற்றடியிலுமே கிடைக்கின்றன. அவ்வாழ்வினை 'நிலைபேறான வாழ்க்கை' என இக்காலத்தார் வழங்குவர். பெயர் புதிது, பொருள் பழைது. வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்துள், பகைவலியை ஆராய்வதோடு வரவு செலவின் அளவறிதலையும் சேர்த்து வைத்தமை ஈண்டு நினையத்தக்கது. தன் அளவை அறியாதவன் பகைவனின்றியே கெடுவான் என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும்.

இவ்வுண்மையை ஆராய்தற்குத் திருகோணமலையினும் சிறந்த களம் இலங்கையில் அரிது. இம்மாவட்டத்து மனைகளுக்குப் பொருள் வந்த வழிகள் இரண்டு. ஒன்று, மழையும் குளமும் வயலும் மரமும் தந்த நிலவழி. மற்றொன்று, உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் போற்றப்படும் திருகோணமலைத் துறையினூடாகக் கப்பல்கள் கொணர்ந்த கடல்வழி. முன்னையது சிறிதெனினும் ஆண்டுதோறும் மீள்வது. பின்னையது பெரிதெனினும் பிறர் கையில் இருப்பது. இவ்விரண்டற்கும் இடையே மனைவாழ்வு எவ்வாறு அசைந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நிலம் அளந்த வாழ்வு

திருகோணமலை உலர்வலயத்தைச் சார்ந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்யினும், அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையுள்ள வாடைக் காலத்திலேயே பெய்து தீர்ந்துவிடுகின்றது. எஞ்சிய திங்கள்களில் வெயிலும், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் நிலத்தை உலர்த்துகின்றன. நான்கு திங்கள் வரவைக் கொண்டு பன்னிரு திங்கள் செலவு செய்தல் வேண்டும். இம்மண்ணின் சிக்கனம் ஒழுக்க நூல்களிலிருந்து பிறந்ததன்று. வானத்தின் கணக்கிலிருந்து பிறந்தது.

அக்கணக்கின் பெருஞ்சான்று கந்தளாய்க் குளம். சூளவமிசம் இதனை 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனோடு தொடர்புபடுத்துகின்றது; திருகோணமலைத் தமிழ் மரபோ குளக்கோட்டன் பெயரோடு இணைத்துப் போற்றுகின்றது. கட்டியோர் யாவராயினும், குளத்து நீர் தம்பலகாமத்து வயல்களை விளைவித்தது. வயல் விளைவு கோணேசர் கோயிலையும் குடிகளையும் புரந்தது. கவிராசவரோதயர் இயற்றியதாகக் கொள்ளப்படும் கோணேசர் கல்வெட்டு, கோயிற்குரிய பணிகளை இன்னின்னார் செய்க என வகுத்துக் கூறுவது. அந்நூலின் வரலாற்றுச் செய்திகள் பற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், பொதுப்பொருளை நுகர்வார் அனைவரும் அதனைப் பேணுங் கடமையிலும் பங்குடையர் என்னுங் கொள்கை அதன்கண் தெளிவாக விளங்குகின்றது. வயலுக்கு நீர்பாயும் முறையை மேற்பார்க்க வட்டை விதானை என்பார் இருந்தமையும் இக்கொள்கையின் வழித்தோன்றலே. தன் வரம்பில் நீர் நிரம்பியதும் மடையை அடைத்து அடுத்தவன் வயலுக்கு விடுதல் அறமெனக் கொள்ளப்பட்டது. பேணுதல் தவறின் விளைவு யாதென்பதை, 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் இக்குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்த பேரிடர் உணர்த்திற்று.

குளத்தில் நிகழ்ந்த அளவறிதல் வீட்டிலும் நிகழ்ந்தது. நெல் ஒன்றனை எடுத்துக்கொள்க. அரிசி உணவாயிற்று; தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் ஆயிற்று; உமி எரிபொருளாயிற்று; வைக்கோல் மாட்டின் தீனியும் குடிலின் கூரையும் ஆயிற்று. அரிசி கழுவிய நீர் தொட்டியில் மாட்டுக்காக ஊற்றப்பட்டது. இரவில் எஞ்சிய சோறு நீரூற்றி வைக்கப்பட்டு, காலையில் உழவனுக்குப் பழஞ்சோறாயிற்று. அடுப்பிற் சேர்ந்த சாம்பல் பாத்திரம் துலக்கவும், விதையைப் பூச்சி அரியாது காக்கவும், முற்றத்துச் செடிகளுக்கு உரமாகவும் பயன்பட்டது.

தென்னையின் நிலையும் அதுவே. ஓலை கிடுகாயிற்று, ஈர்க்கு விளக்குமாறாயிற்று, பொச்சு கயிறாயிற்று, சிரட்டை அகப்பையாகவும் கரியாகவும் மாறிற்று, காய்ந்த பாளையும் பன்னாடையும் அடுப்பு மூட்டின, உலர்ந்த ஓலை சூளாகி இருளில் வழிகாட்டிற்று. பனையோலை பெட்டியும் கடகமும் சுளகுமாக முடையப்பட்டது. நீர்நிலையோரத்துப் பன்புல் பாயாயிற்று. கடற்கரை ஊர்களில் மிஞ்சிய மீன் உப்பிட்டு உலர்த்தப்பட்டுக் கருவாடாயிற்று. மீன் கழுவிய நீர் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றப்பட்டது. குளித்த நீர் கிணற்றடி வாழைக்கும் கமுகுக்கும் ஓடிற்று. கிழிந்த வேட்டி பிடிதுணியாகி, பின்னர் விளக்குத் திரியாகி, ஒளி தந்தே முடிந்தது.

இவ்வாழ்வின் இயல்பைத் தமிழ்ச் சொல்லொன்றே காட்டி நிற்கின்றது. இன்று 'குப்பை' என்னுஞ் சொல் வேண்டாத பொருளைக் குறிக்கின்றது. உழவர் வழக்கிலோ அது வயலுக்கிடும் எருவின் பெயர்; குப்பை இட்ட நிலமே விளையும் என்பது அவர்தம் துணிபு. ஒரே சொல் முன்னர்ச் செல்வத்தையும் இன்று இழிபொருளையும் குறிப்பதாயிற்று. பொருள் திரிந்தது சொல்லின்கண் மட்டுமன்று. முற்றத்திலும் அது திரிந்தது. மாட்டுக்கும் மண்ணுக்கும் சென்றது இன்று பொலித்தீன் பையிற் கட்டப்பட்டுத் தெருவோரத்தை அடைகின்றது.

இலங்கையர் இலையையும் ஓலையையும் கையாண்ட திறத்தை அயல்நாட்டவரும் வியந்தனர். 1660இல் கொட்டியாரக் குடாவில் மூதூர்ப் பகுதியிற் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேயராகிய ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் தாளிப்பனையோலையைச் சிறப்பித்துக் கூறுகின்றார். அவ்வோலை விசிறிபோல மடிக்கத்தக்கது, எளிதிற் சுமக்கத்தக்கது, வழிப்போக்கருக்குக் குடையும் படைவீரர்க்குக் கூடாரமும் ஆவது. வேண்டும்போது மரம் தருவது, பயன் முடிந்தபின் மண்ணோடு கலப்பது என்னும் இரு குணமும் ஒருங்கே வாய்ந்த பொருள் அது.

கடல் கொணர்ந்த வாழ்வு

துறைமுகத்தின் கதை வேறு. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். பின்னர் ஒல்லாந்தரும், இடையிடையே பிரெஞ்சுக்காரரும், 1795 முதல் ஆங்கிலேயரும் இத்துறையைக் கைக்கொண்டனர். இவர்களுள் எவரும் தம்பலகாமத்து நெல்லை நாடி வந்தாரல்லர். வங்கக் கடலை ஆளும் நிலையை நாடியே வந்தனர். ஆதலின் துறைமுகத்தின் தேவைகள் மாவட்டத்தின் தேவைகளோடு ஒட்டாதனவாயின.

பாய்க்கப்பல் காற்றை உண்டது; நீராவிக் கப்பல் நிலக்கரியை உண்டது; 20ஆம் நூற்றாண்டின் போர்க்கப்பலோ எண்ணெயை உண்டது. பிரித்தானியக் கடற்படை எண்ணெய்க்கு மாறியதன் பயனாக, 1920களிலிருந்து சீனன்குடாவில் மாபெரும் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர் எண்ணெய் கொள்வது. காட்டினிடையே வரிசையாக நிற்கும் இத்தாங்கிகள், தொலைநாட்டிற் பிறந்த பொருளை இங்கே தேக்கிவைத்த குளங்கள் எனத்தகும். கந்தளாயின் குளம் மழையால் நிரம்பும். சீனன்குடாவின் குளம் கப்பலால் நிரம்பும். வேறுபாடு அதுவே.

அக்கடல்வழி வாழ்வு மெல்ல மெல்ல வீடுகளுட் புகுந்தது. இலுப்பையெண்ணெயும் புன்னையெண்ணெயும் தேங்காயெண்ணெயும் எரிந்த விளக்குகளின் இடத்தை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் மண்ணெண்ணெய் பற்றிக்கொண்டது. பர்மாவிலிருந்து அரிசி வந்தது. வெளிநாடுகளிலிருந்து துணியும் தகரமும் சீனியும் வந்தன. இவற்றால் மக்கள் பெற்ற நன்மை சிறிதன்று. பஞ்ச காலத்தில் இறக்குமதி அரிசி பல உயிர்களைக் காத்தது. மண்ணெண்ணெய் விளக்கில் ஏழைச் சிறுவர் இரவிற் படித்தனர். ஆயின் வந்த பொருளோடு வந்த வழியையும் மக்கள் நம்பத் தொடங்கினர். கப்பல் என்றும் வரும் என்னும் எண்ணம் வேரூன்றிற்று.

கப்பல் நின்ற காலங்கள்

அவ்வெண்ணம் முதன்முதல் அதிர்ந்தது 1942இல். அவ்வாண்டு பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி இறக்குமதியாகவே இருந்தமையால், பர்மாவின் வீழ்ச்சி ஒவ்வொரு வீட்டின் பானையிலும் உணரப்பட்டது. ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கியொன்று எரிந்தழிந்தது. அரிசிப் பங்கீடு வந்தது. கூப்பனும் சங்கக்கடையும் மக்கள் நாவிற் பழகிய சொற்களாயின. கோதுமை மா உணவில் இடம்பெற்றது. மறந்திருந்த குரக்கனும் மரவள்ளியும் மீண்டும் மதிப்புப் பெற்றன. உலகின் பேரரசொன்று தன் எண்ணெயைத் தேக்கிவைத்த ஊரிலேயே, ஒரு போத்தல் மண்ணெண்ணெய் அருமையாயிற்று.

போர் முடிந்தது, கப்பல்கள் மீண்டன, குரக்கன் மீண்டும் மறக்கப்பட்டது. 1957 ஒக்ரோபர் 15ஆம் நாள் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. துறைமுகத்தின் தலைவர் மாறினர். கடல்வழியை நம்பிய வாழ்வு மாறவில்லை. 1973இல் உலக எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தது. 1970 முதல் 1977 வரை நாட்டை ஆண்ட அரசு இறக்குமதியை இறுக்கியபோது, வீட்டுத் தோட்டமும் மரவள்ளியும் மீண்டும் வந்தன. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அவை மீண்டும் பின்தள்ளப்பட்டன.

உள்நாட்டுப் போர்க்காலம் இதனினுங் கொடிய பாடத்தைப் புகட்டிற்று. 1990களில் வடபகுதிக்குப் பொருட்டடை விதிக்கப்பட்ட காலத்தில், யாழ்ப்பாணத்து மக்கள் ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டுச் சிறு திரியொன்றால் விளக்கேற்றினர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். திருகோணமலை மாவட்டத்திலும் இடப்பெயர்வு பல ஊர்களின் கிணற்றையும் தோட்டத்தையும் பாழாக்கிற்று. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் தம் மண்ணுக்கு மீளத் தொடங்கியது 2015இலேயே. இதற்கிடையில் 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, கிண்ணியா, மூதூர் முதலிய கரையோர ஊர்களைச் சிதைத்ததோடு கிணறுகளையும் உவர்ப்பாக்கிற்று. கிணறு உவர்த்தபோதுதான் நன்னீரின் விலையைப் பலர் உணர்ந்தனர்.

இறுதியாக 2022 வந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்தது. ஏப்ரலில் நாடு கடன் செலுத்தவியலாது நின்றது. மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி வரை நீண்டது. எரிவாயுச் சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். யூலை முதல் கியூ.ஆர். குறியீட்டின்படி எரிபொருள் அளந்து வழங்கப்பட்டது. மாடிவீடுகளிலும் விறகடுப்பு மூட்டப்பட்டது. மூலையிற் கிடந்த துவிச்சக்கரவண்டி துடைக்கப்பட்டது. அதே ஆண்டின் சனவரியிலேதான் சீனன்குடாத் தாங்கிகளைப் பங்கிடும் உடன்படிக்கை இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையோடு கைச்சாத்தாகியிருந்தது. 99 தாங்கிகள் அருகே நின்றன. அடுப்போ விறகை நாடிற்று.

வறுமையும் சிக்கனமும்

இந்நான்கு காலங்களையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஓருண்மை புலப்படுகின்றது. ஒவ்வொரு முறையும் மக்கள் சிக்கனத்தைக் கைக்கொண்டனர். ஒவ்வொரு முறையும் கப்பல் வந்ததும் அதனைக் கைவிட்டனர். காரணம், அது அவர் விரும்பிக் கொண்டதன்று, நெருக்கடி சுமத்தியது. நெருக்கடியாற் கொண்ட சிக்கனத்துக்கு வறுமை என்றே பெயர். வறுமை நீங்கியவன் அதன் அடையாளங்களையும் நீக்க விரும்புவது இயல்பு. சிரட்டை அகப்பையும் பனையோலைப் பெட்டியும் ஏழ்மையின் சின்னங்களாகக் கருதப்பட்டமை இதனாலேயே.

ஆதலின் பழமையை அப்படியே மீட்க வேண்டும் என்பாரின் கூற்றும் ஆராய்தற்குரியது. பழைய மனைவாழ்வின் சுமையைத் தாங்கியவர் பெரும்பாலும் பெண்டிர். உலக்கை பிடித்து நெற்குற்றியவரும், குடம் சுமந்தவரும், கண்ணெரிய ஊதுகுழலால் அடுப்பூதியவரும் அவரே. விறகுப் புகை நுரையீரலுக்குத் தீங்கு விளைப்பது மருத்துவர் அறிந்த செய்தி. ஒருவர் உடலை வருத்திக் காக்கப்படும் சிக்கனம் நிலைபெறாது, நிலைபெறுதலும் தகாது. அறிவின்றிப் பிறக்கும் கட்டளையும் அத்தகையதே. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி முன்னேற்பாடின்றித் தடுக்கப்பட்டது. நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டது. அதற்குள் அடுத்த பெரும்போக விளைச்சல் பெரிதுங் குறைந்தது. குப்பையைத் தெருவில் எறியப் பழகிய நாடு ஒரே பருவத்தில் அதனை எருவாக்கிவிட இயலாதென்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

ஆகவே வேண்டப்படுவது மூன்றாவதொரு வழி: பழைமையின் அளவறிதலும் புதுமையின் அறிவும் கூடிய, விரும்பி மேற்கொள்ளும் வாழ்வு. அதற்குரிய சான்றுகள் இந்நாட்டிலேயே உள. 1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்ட 'அனகி' என்னும் மண்ணடுப்பு, ஒரே தீயில் இரு பானைகளைச் சூடாக்குவது. விறகையும் புகையையும் குறைப்பது. மெல்லிய பொலித்தீனும் உணவு சுற்றும் லஞ்ச் சீற்றும் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டன. அதனிடத்தை நிரப்ப வாழையிலையும் தாமரையிலையும் இருக்கின்றன. கோயில் அன்னதானத்தில் அவை என்றுமே வழக்கொழிந்தனவல்ல. சம்பூரில் நிலக்கரி அனல்மின் நிலையம் அமைக்கும் திட்டம் மக்கள் எதிர்ப்பின் பின்னர் 2016இற் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாற்று சூரியமின் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்கவிழா நடைபெற்றது. கச்சான் காலத்தில் நிலத்தை வாட்டும் வெயில் மின்னாக மாறின், நிலவழி வாழ்வு புதியதொரு வடிவம் பெறும்.

எனினும் அரசின் பெருந்திட்டங்களை நோக்கி வீடுகள் வாளாவிருத்தல் தகாது. வீட்டின் கணக்கை வீடே போடல் வேண்டும். நூறு சதுர மீற்றர்க் கூரையொன்றின் மேல் ஆண்டில் விழும் மழை ஏறத்தாழ 160,000 லீற்றர். ஐவர் வாழும் வீடொன்று குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லீற்றர் கொள்ளுமெனின், ஆண்டுத் தேவை 9,000 லீற்றருக்குச் சிறிது மேல். மழை குன்றிய எட்டுத் திங்களுக்கு 6,000 லீற்றர்த் தொட்டியொன்று போதும். கூரையில் விழுவதிற் பதினாறில் ஒரு பங்கைத்தானும் தேக்காத வீடே கோடையில் தண்ணீர் வண்டியை எதிர்நோக்குகின்றது. இனி, நொடிக்கு ஒரு துளி சிந்தும் குழாயொன்று நாளொன்றுக்கு 86,400 துளி சிந்தும். நாலாயிரந் துளி ஒரு லீற்றராமெனின், அது 21 லீற்றருக்கு மேல். ஒரு குடும்பத்தின் குடிநீரும் சமையல் நீரும் பழுதுற்ற குழாயொன்றின் வழியே ஓடிவிடுதல் கூடும்.

இத்தகைய கணக்கை அடுப்புக்கும் விளக்குக்கும் உணவுக்கும் விரித்துக் காண்டல் எளிது. பானையை மூடிச் சமைத்தல், ஆளில்லா அறையின் விளக்கை அணைத்தல், சமையற் கழிவைக் குழியிலிட்டு எருவாக்குதல், கடைக்குச் செல்லுங்கால் பையொன்றைக் கையோடு கொண்டு செல்லுதல், அண்மையில் விளைந்ததையும் அண்மையிற் பிடித்ததையும் முதற்கண் வாங்குதல், பழுதானதை எறியுமுன் திருத்தவியலுமா எனப் பார்த்தல் ஆகிய இவை தனித்தனியே சிறியன. ஆயின் கந்தளாய்க் குளமும் தனித்தனித் துளிகளால் நிரம்பியதே. இவற்றைச் செய்பவர் மனைவியர் மட்டுமே என்னும் பழைய வழக்கம் இனியும் தொடர்தலாகாது. நீரளத்தலும் எருவாக்கலும் ஆண்மக்களுக்கும் மாணாக்கருக்கும் உரிய கடமைகளாதல் வேண்டும். பள்ளித் தோட்டமும் பள்ளிக் கிணறும் இதற்குச் சிறந்த பயிற்சிக் களங்களாம்.

துறைமுகம் திருகோணமலையின் பெருமை; அதனை இகழ்வார் யாருமிலர். கப்பல் வருக, வாணிகம் ஓங்குக. ஆயினும் சீனன்குடாத் தாங்கிகளில் எண்ணெய் நிரம்புவதும் ஒழிவதும் கொழும்பிலும் புதுதில்லியிலும், அவற்றுக்கும் அப்பால் எண்ணெய் பிறக்கும் நாடுகளிலும் துணியப்படுவன. முற்றத்துக் கிணற்றின் கயிறோ வீட்டவர் கையில் இருக்கின்றது. பிறர் கையிலுள்ளதை அளவோடு நுகர்ந்து, தம் கையிலுள்ளதை அடுத்த தலைமுறைக்கும் எஞ்சவைப்போரே, கப்பல் வரும் காலத்தும் வாராக் காலத்தும் தளராது வாழ்வர். நான்கு முறை நெருக்கடி கற்பித்த பாடத்தை ஐந்தாம் முறையும் நெருக்கடியிடமே கற்க வேண்டுவதில்லை.